சிங்க முகத்துக்குக் கயிறு பிடித்தவன்

1

இந்த மாதம் கல்லூரியில் என்னையும் வட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கல்லூரி என்றதும் வாத்தியார் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் வடக்கே, கடலோரமாக இருக்கும் ஒரு நாடகக் கல்லூரியில் எனக்கு மேடைக்குப் பின்னால் வேலை. திரையை ஏற்றுவேன், இறக்குவேன். உயரத்தில் நின்று நடிக்கும் பிள்ளைகளின் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு மாட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்பேன். செஞ்சிக் கடைத்தெருவில் அத்தாவின் கயிற்றுக்கடையில் வளர்ந்தவனுக்கு, கடல் தாண்டி வந்த பிறகும் ஆண்டவன் கயிற்றையே எழுதி வைத்திருக்கிறான். "அன்வர் லண்டனில் பெரிய நாடகக் கம்பெனியில் இருக்கிறான்" என்று ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. லண்டன் இங்கிருந்து ரயிலில் அரை நாள். கம்பெனியும் கிடையாது.

இந்த வருடம் ஒரு புது ஏற்பாடு. ஒத்திகை முடிந்ததும் மாணவர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு மேடையில் என்ன செய்தேன், அப்போது மனதில் என்ன ஓடியது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ரிஃப்ளெக்‌ஷன் என்கிறார்கள். தன்னைத் தானே திரும்பிப் பார்த்துக்கொள்வது. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. வகுப்பை நடத்தும் ஹெலன் நல்ல பெண். கயிறு பிடிக்கிறவரும் நாடகத்தில் ஒரு பங்குதான் என்று சொல்லி எனக்கும் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டாள்.

இப்போது நடக்கும் நாடகத்தில் ஓர் அண்ணன், தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து மாடியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே சாய்த்துப் பிடிக்கிறான். பிடித்த பிடியில் சண்டை போடுகிறான். அண்ணனாக ஜேமி, தங்கையாக எம்மா. எம்மாவின் இடுப்புக் கயிறு என் கையில்.

வட்டத்தில் ஜேமி பேசினான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னான். "எந்த நொடியில் கையை விடலாம் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த நொடியில்தான் நான் நிஜமாக நடிக்கிறேன்."

ஹெலன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் விரலைச் சொடுக்கிப் பாராட்டினார்கள். "அன்வர், உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று ஹெலன் கேட்டாள். என் இங்கிலீஷில் நெளிவு சுளிவு கிடையாது. "இந்தப் பையன் அவளைக் கொன்றுவிடுவான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

2

எனக்கு ஏன் அப்படிச் சொல்ல வந்தது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லி மாளாது. உங்களுக்குச் சொல்லலாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. வல்லத்துப் பக்கம் ஒரு கூத்து ஜமா இருந்தது. கூத்தாடும் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்போம். அவர்கள் ஆடும் இரணியன் கூத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் பெரிய பெயர். இரணியன் வேஷம் ஏழுமலை அண்ணனுக்கு. அவர் குரல் எடுத்தால் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். நரசிம்மர் வேஷம் முனுசாமி அண்ணனுக்கு. அவர் பகலில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குபவர். யாராவது அதட்டினால் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் சாதுவான மனிதர். முனுசாமியின் தங்கையைத்தான் ஏழுமலைக்குக் கொடுத்திருந்தது. மாமனும் மச்சானும் ஒரே டீயைப் பாதி பாதியாகக் குடிப்பவர்கள்.

அந்த ஜமாவில் இரண்டு வழக்கங்கள் உண்டு. முனுசாமி சிங்க முகத்தை மாட்டிக்கொண்டதும் அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பின்னாலிருந்து இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். வந்திருக்கிற சாமி இரணியனை நிஜமாகவே கிழித்துவிடக் கூடாது என்பதற்காக. பிடிக்கிறவர்கள் அந்த இரண்டு நடிகர்களுக்கும் உறவாகவும் இருக்கக் கூடாது, பகையாகவும் இருக்கக் கூடாது. அப்படி ஆள் கிடைப்பது லேசில்லை. தேடித் தேடிப் பார்த்து, கயிறு விற்கும் பாய் கடைப் பிள்ளையையே பிடிக்கவும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அத்தாவுக்கு இதில் ஒரே கடுப்பு. "கயித்த வித்தா வித்ததோட வரணும். கூடவே போயி புடிச்சிக்கினு நிக்கிறான் பாரு" என்று வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்லி மாய்ந்துபோவார்.

முகத்தை இறக்கிய பிறகு வருவது இரண்டாவது வழக்கம். முனுசாமிக்கு ஒரு சொம்பு மோரைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு, எல்லாரும் வேறு பக்கம் திரும்பி மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுவார்கள். ஆட்டத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது. ஏன் என்று நான் ஒரு தரம் ஏழுமலையிடம் கேட்டேன்.

"கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் மெட்ராஸிலிருந்து சேகர் சார் வந்தார். வெளிநாட்டில் நாடகம் படித்துவிட்டுத் திரும்பியவர். பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி முகாம் போட்டு, ஜமா ஆட்களையும் கல்லூரி மாணவர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டார். தரையில் உட்காருவார், எங்களோடு கூழ் குடிப்பார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது, ஆனால் கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. "உங்களுக்கு ஆட்டம் தெரியும். ஆடுகிற உங்களைத் தெரியாது" என்று சொல்லி, வேப்பமரத்தடியில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார்.

முதல் நாளே, முகத்தை இறக்கி வியர்வை காயாத முனுசாமியைப் பார்த்துக் கேட்டார். "முனுசாமி, பாயும்போது மனசில் என்ன ஓடியது?"

ஜமா ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனுசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் தெரியாது சார். ஆடனேன்."

"பரவாயில்லை. நாளைக்குத் தெரியும். அவசரமில்லை" என்றார் சேகர் சார்.

3

அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாதுகாப்பு அதிகாரி, ஒருவர் ஆள் எடுக்கிற பிரிவு, மூன்றாமவர் எதற்கு என்று கடைசி வரை தெரியவில்லை. ஒரு மாணவனைக் கொலைகாரன் என்று சொன்னது அவன் மனதைப் புண்படுத்திவிட்டதாம். நான் ஜேமியைத் திட்டவில்லை, நல்ல பையன், எனக்குத் தினமும் குட்மார்னிங் சொல்பவன் என்றேன். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்? நல்ல பையன் என்பதால்தான் என்றேன். குறித்துக்கொண்டார்கள். என்னத்தைக் குறித்தார்களோ.

போன வாரம் எம்மாவும் வட்டத்தில் பேசினாள். கயிறு இடுப்பை இழுக்கும்போது தனக்கு நாடகம் கலைந்துபோகிறது, ஜேமியின் கையைத் தான் முழுதாக நம்புவதாகச் சொன்னாள். கயிற்றை எடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. எடுக்க முடியாது, சட்டம் இருக்கிறது என்றேன். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நின்றால் கயிறு கட்டாயம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் மேடையை இறக்கியிருக்கிறார்கள். சட்டம் சொல்லும் உயரத்துக்கு ஒரு சாண் கீழே. இனிக் கயிறு தேவையில்லை. எல்லாப் படிவத்திலும் கையெழுத்து ஆகிவிட்டது.

மகள் பர்வீனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் வேறு ஊரில் வங்கி வேலையில் இருக்கிறாள். அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டே வருகிறது. "அத்தா, ரூல்ஸ்படி தானே பண்ணியிருக்காங்க? வை ஆர் யூ ஸோ டென்ஸ்?" என்றாள். செஞ்சியில் என்ன நடந்தது என்று இவளிடம் இதுவரை நான் சொன்னதில்லை. போனில் சொல்கிற சமாசாரமும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

4

சேகர் சார் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பொறுமை. ஒவ்வொரு நாளும் முனுசாமிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.

"மேளச் சத்தம் கேட்டுது சார்" என்றார் ஒரு நாள். அதற்கே சேகர் சார் கைதட்டினார்.

பிறகு ஒரு நாள், "கூட்டத்துல யாரோ பீடி பத்த வச்சாங்க. அந்த நெருப்பு தெரிஞ்சுது" என்றார். சிங்க முகத்துக்குள் இருந்து வெளியே எதுவும் தெரியாது, அந்த நேரத்தில் முனுசாமி முனுசாமியாகவே இருப்பதில்லை என்றுதான் நாங்கள் அதுவரை நம்பியிருந்தோம்.

அடுத்த வாரம், கண்ணை மண்ணில் வைத்தபடி சொன்னார். "மாமன் கழுத்துல ஒரு நரம்பு துடிச்சிக்கினு இருந்துது. அதயே பாத்துக்கினு இருந்தேன்."

ஏழுமலை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். அந்த வெயிலில் கழுத்தில் துண்டு சுற்றிய ஆள் அவர் ஒருவர்தான்.

அதற்கடுத்த நாள் என் முறை வந்தது. அன்றைக்குக் கயிறு பிடித்திருந்தபோது ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்து, நான் ஒரு கையை எடுத்து ஓட்டினேன். வட்டத்தில் முனுசாமி என்னைப் பார்க்காமலே சொன்னார். "அன்வரு ஒரு கைய எடுத்தான். கயிறு தளந்துது. இப்ப போனா போயிடலாம்னு தெரிஞ்சுது."

சேகர் சார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம் ஏன் போகலை, முனுசாமி?"

"கயிறு இருந்துதே சார்."

நான் கையைப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு முதுகில் கண் கிடையாது, நான் நின்றதோ பின்னால். என்னோடு கயிறு பிடித்த மற்றவர் அன்று மத்தியானமே, மேல்சித்தாமூரில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிப் போனவர்தான். முகாம் பக்கம் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை ஏழுமலை கடைக்கு வந்தார். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார்.

"தடியா ஒரு கயிறு குடு அன்வரு. கெணத்துக்கு எறைக்கிற கயிறு மாதிரி."

"இருக்கிற கயிறே நல்லாத்தான் இருக்குது அண்ணா. யானையையே கட்டலாம்."

"யானய கட்றதுக்கா கேக்கறேன்?" என்று எரிந்து விழுந்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "என்மேல அவனுக்கு இன்னா கோவம், சொல்லு. ஒண்ணும் கெடயாது. எம் பையனுக்குக் காது குத்தும்போது மடியில வச்சிக்கினவன். கோவம் இருந்தா கால்ல வுழுந்தாச்சும் தீத்துக்கலாம். ஒண்ணுமே இல்லாம பாக்கறான் பாரு, அதான் பயமா இருக்குது."

"ஆடலன்னு சொல்லிடுங்க."

"இன்னான்னு சொல்றது? மச்சானப் பாத்தா பயமா இருக்குதுன்னா? ஊரே சிரிக்கும். எங்கூட்டு பொம்பளகிட்ட சொல்ல முடியுமா, உங்கண்ணன் என் கழுத்தப் பாக்கறான்னு?"

கடையில் இருந்ததிலேயே தடித்த வடத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிப் பக்கமாகவே போனார். போகிற வழியில் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு டீ குடிக்கத்தான்.

5

முகாம் நிறைவு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. பொழுது சாய்வதற்கு முன்பே தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். அதற்கு முந்தின நாள் சேகர் சார் வடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு இது வேண்டாம், அன்வர்."

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசி வரை அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"யோசித்துப் பாருங்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றவர் இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறார். கயிறு தளர்ந்ததைப் பார்த்தும் அவர் போகவில்லையே? அவரை நிறுத்தியது கயிறு இல்லை. அவரே தன்னை நிறுத்திக்கொள்கிறார். அதை அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?"

"கயிறு இருந்துதேன்னு அவர் சொன்னாரே சார்!"

அவர் சிரித்துக்கொண்டே முனுசாமியைக் கூப்பிட்டார். கயிறு இல்லாமல் முடியுமா என்று கேட்டார். படித்தவர்கள் கேட்டால் முனுசாமி என்றைக்கும் முடியாது என்று சொன்னவரில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரி சார்" என்றார். அதையும் சேகர் சார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஏழுமலையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விழா அன்று ஒப்பனை அறையாக இருந்த வகுப்புக்குள் போனேன். முனுசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிங்க முகம் பக்கத்தில் இருந்தது. காலையிலிருந்து பட்டினி. உதடு வறண்டிருந்தது.

"கயிறு கொண்டாந்தியா?"

"வேணாம்னுட்டாரு அண்ணா."

"ம்." சிங்க முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "முன்னாடி ஒக்காரு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. முன்னாடி ஒக்காரு."

நாற்காலி எல்லாம் வந்தவர்களுக்கு. நான் முதல் வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழுமலை அன்றைக்குப் பாடியது மாதிரி நான் கேட்டதே இல்லை. தூணை உதைத்துவிட்டு, எங்கேடா உன் ஹரி என்று அவர் கேட்டபோது சந்திரகிரிப் பாறையில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. திரையைக் கிழித்துக்கொண்டு முனுசாமி பாய்ந்தார். வழக்கமாக அந்த இடத்தில் கயிறு விறைக்கும், அவர் காற்றில் கையை வீசுவார், கூட்டம் அலறும். அன்றைக்கு விறைக்க ஒன்றும் இல்லை. நேராகப் போய் ஏழுமலையைத் தூக்கி மடியில் கிடத்தினார். வயிற்றின்மேல் விரலை வைத்தார். அது ஆட்டத்தில் உள்ளதுதான். பிறகு கை மெல்ல மேலே போனது. அது ஆட்டத்தில் இல்லை.

மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். ஏழுமலையின் கால்கள் மண்ணை உதைத்தன. மெட்ராஸ்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சேகர் சார் கண்ணில் தண்ணீர். அப்போது சிங்க முகம் திரும்பிப் பார்த்தது. ஏழுமலையை அல்ல, கூட்டத்தை அல்ல. கயிறு பிடிப்பவர்கள் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பியது.

நான் பாய்ந்து பின்னாலிருந்து இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தேன். ஒருவன் இழுத்து ஆகவில்லை. ஜமா ஆட்கள் ஓடிவந்தார்கள். கையைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். பிறகு அவர் எந்த வேஷமும் கட்டவில்லை.

6

மறுநாள் காலை முகாம் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. சேகர் சார் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வட்டம் போட வேண்டிய ஒரே ஒரு நாளில் வட்டம் இல்லை.

நான் வடத்தை எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில், தினமும் உட்காரும் அதே இடத்தில் முனுசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். குளித்து, தலை வாரி, சுத்தமான சட்டை போட்டிருந்தார்.

"இன்னிக்கு இல்லியா?" என்று கேட்டார்.

"அவங்க போயிட்டாங்க அண்ணா."

"எல்லாம் ஞாபகம் இருக்குது. யாராண்ட சொல்றது?"

நான் திரும்பி நின்று மழையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். வழக்கம் அதுதான். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் முடிந்திருக்காது. அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கழுத்து சூடா இருந்துது. மாமன்னு தெரியும். தங்கச்சி புருசன்னு தெரியும். நிறுத்தலாம்னும் தெரியும். யாராச்சும் வந்து நிறுத்தட்டும்னு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து மண்டிக்குப் போய்விட்டார். இத்தனை வருடமாக அந்த வார்த்தைகள் என்னோடுதான் இருக்கின்றன. சாமி வந்தது என்று ஊர் சொன்னது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. முகத்தை இறக்கியவனை ஏன் கேட்கக் கூடாது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

7

இன்றைக்கு மாலை இங்கே நாடகம். கடைசி ஒத்திகைக்குப் பிறகு நடந்த வட்டத்தில் ஜேமி சொன்னான், கயிறு இல்லாமல் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறதாம். ஹெலன் எழுதிக்கொண்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தரம் சொன்னால் வேலை போய்விடும் என்று பாதுகாப்பு அதிகாரி நாசூக்காகச் சொல்லியிருந்தார். எம்மாவைத் தனியாகப் பார்த்து, பிடி இரண்டு கையாலும் இருக்கட்டும் அம்மா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் எனக்குத் தாத்தா மாதிரி" என்றாள்.

எனக்கு இன்று வேலை இல்லை. கயிறு இல்லாத நாடகத்தில் கயிற்றுக்காரனுக்கு என்ன வேலை? என் மனம் வருந்தியிருக்குமோ என்று நினைத்து, கல்லூரியில் அன்போடு எனக்கு ஒரு இலவசச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பர்வீனுக்கும் ஒன்று. அவள் வந்துவிட்டாள். "அத்தா, ஃபிரண்ட் ரோ!" என்று சந்தோஷப்படுகிறாள். நாடகம் பார்க்கப் போகிறவர் இந்தப் பழைய ரப்பர் செருப்பிலா வருவீர்கள், நல்ல ஷூ போடுங்கள் என்கிறாள்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இதில்தான் எனக்கு ஓட வரும்.